வலவனோடு ஒரு தேர்

எங்கள் பக்கம் கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர்களிடம் இப்போதெல்லாம் மூன்று கேள்விகள் கேட்கிறார்கள். எந்த மண்டபம்? என்ன சாப்பாடு? பொண்ணு மாப்பிள்ளைக்கு என்ன கார்? மூன்றாவது கேள்வி புதுசு. நான் சின்னப் பையனாக இருந்தபோது ஊருக்குள் யாரிடமாவது ஒரு அம்பாசடர் இருக்கும். அதன் பானட்டில் ஒரு சம்பங்கி மாலையைப் போட்டால் அது கல்யாண வண்டி. இப்போது ஆடியா, பென்ஸா, பி.எம்.டபிள்யூவா என்று கேட்கிறார்கள். உப்பளத்தில் காலையில் பாத்தி மிதித்துவிட்டு வந்து, கால் கூடக் கழுவாமல் உட்கார்ந்து இதைப் பேசுகிறார்கள்.

இதில் சிரிக்க ஒன்றுமில்லை என்று நான் நினைக்கிறேன். சிரிப்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். என் ஆபீஸில் ஒருவர், "கடன் வாங்கி ஆடி கார்ல போறதுக்கு அந்தக் காசை பேங்க்ல போடலாம்ல" என்றார். அவர் கல்யாணம் ஒரு ஸ்டார் ஹோட்டலில் நடந்தது.

போன வருஷம் ஆவணியில் என் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். மரக்காணத்தில் உப்பு ஓடுவது தை, மாசியில் தொடங்கி புரட்டாசி வரைக்கும்தான். வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் பாத்தி முழுக்கத் தண்ணீர், கையில் வேலை கிடையாது. அந்த மாதங்களுக்கு அரசு கொடுக்கும் மழைக்கால நிவாரணம் 5000 ரூபாய். அதனால் உப்பளக் குடும்பங்களுக்கு ஆவணி முகூர்த்தம் தோதானது. சீசன் காசு கொஞ்சம் கையில் நிற்கும்.

கார் பிடிக்கும் வேலை என்னிடம் வந்தது. "நீதான் கம்ப்யூட்டர்ல இருக்கியேப்பா" என்றார் சித்தப்பா. ஆன்லைனில் படம் பார்த்து, போன் போட்டு, சென்னையிலிருந்து ஒரு வெள்ளை ஜெர்மன் கார் பேசினேன். பத்து மணி நேரம், நூறு கிலோமீட்டர், 22,000 ரூபாய். டிரைவர் பேட்டா தனி, டோல் தனி, பூ அலங்காரம் தனி. கிலோமீட்டர் கணக்கு ஷெட் டு ஷெட். அதாவது வண்டி கிளம்பிய இடத்திலிருந்து திரும்பி அங்கே போய் நிற்கும் வரை மீட்டர் நம்முடையது. சென்னையிலிருந்து மரக்காணம் வந்து போகவே அந்த நூறு போதாது. கூடுதல் கிலோமீட்டருக்கு ஒரு ரேட்டு. மொத்தமாகக் கூட்டினால் சித்தப்பாவின் ஒரு மாதக் கூலியைத் தாண்டிவிட்டது.

"கொஞ்சம் குறைச்சு இன்னோவா மாதிரி பாக்கலாமா சித்தி?" என்று கேட்டேன். சித்தி அடுப்படியிலிருந்து வெளியே வராமலே சொன்னார்: "இல்லாத காலத்துல கதவை மூடிக்கிட்டு சாப்ட்ட வூடுப்பா இது. ஒரு நாளு இந்தத் தெருவே கதவைத் தொறந்து வெச்சிக்கிட்டு பாக்கட்டுமே."

மேற்கொண்டு நான் பேரம் பேசவில்லை. அந்த வாக்கியம் எனக்கு எங்கேயோ படித்தது போல இருந்தது. இரண்டு நாள் கழித்து ஞாபகம் வந்தது: சிறுபாணாற்றுப்படை.

பத்துப்பாட்டில் ஒன்று. நல்லூர் நத்தத்தனார் பாடியது. 269 அடி. ஓய்மாநாட்டை ஆண்ட நல்லியக்கோடனிடம் பரிசு வாங்கிவந்த ஒரு பாணன், எதிரே வரும் இன்னொரு ஏழைப் பாணனுக்கு வழி சொல்கிறான். அந்த வழியில் கடற்கரையில் வரும் ஊர் எயிற்பட்டினம். அது இன்றைய மரக்காணம்தான் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. வழியின் முடிவில் வரும் கிடங்கில் இன்றைய திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கல். உப்பு வணிகர்களான உமணர்களின் வண்டி வரிசையும் பாட்டில் வருகிறது. அவர்களோடு பிள்ளை போல வளர்ந்த மந்தி ஒன்று உமணர் குழந்தைகளோடு கிலுகிலுப்பை ஆட்டி விளையாடுகிறது.

பரிசு வாங்குவதற்கு முன் தன் வீடு எப்படி இருந்தது என்று அந்தப் பாணன் சொல்லும் இடம்தான் முக்கியம். அடுப்படியில் நாய் குட்டி போட்டிருக்கிறது. சமைத்து நாளானதால் நாய்க்கு அதுதான் ஒதுக்குப்புறம். அவன் மனைவி குப்பைமேட்டில் முளைத்த கீரையைக் கிள்ளி வந்து, உப்புப் போட வழியில்லாமல் வேகவைக்கிறாள். அதை அடுத்தவர் பார்த்துவிடுவார்களோ என்று வெட்கப்பட்டு, கதவை அடைத்துவிட்டு, சுற்றத்தோடு பகிர்ந்து சாப்பிடுகிறார்கள். உப்பு விளையும் கடற்கரை வழியாகப் போகும் பாட்டில் உப்பில்லாத கீரை.

அப்படிப்பட்டவனுக்கு அரசன் கடைசியில் என்ன கொடுத்தான்? புது உடை, விருந்து, செல்வம். கூடவே ஒரு தேர். உளியின் தழும்பு பதிந்த குடம், சுற்றிலும் ஆரக்கால், முருக்கம்பூ பூத்ததுபோல் உள்ளே செவ்வரக்கு பூசிய தட்டு. குதிரையின் வேகத்தையும் தோற்கடிக்கும் காளை. அந்தக் காளையை ஓட்ட வலவன். வலவன் என்றால் தேரோட்டி. இன்றைய பாஷையில் வித் டிரைவர்.

படித்தபோது எனக்கு முதலில் தோன்றியது, இது ஒரு கார் விளம்பரத்தின் ஸ்பெக் ஷீட் மாதிரியே இருக்கிறது என்பதுதான். சிவப்பு இன்டீரியர் கூட இருக்கிறது. இரண்டாவதாகத் தோன்றியது: பசித்தவனுக்கு எதற்குத் தேர்? அரிசியோ மாடோ போதாதா? என் ஆபீஸ்காரர் அரசவையில் இருந்திருந்தால் இதைத்தான் கேட்டிருப்பார். ஆனால் கதவை அடைத்துக்கொண்டு சாப்பிட்டவனுக்குப் பசி மட்டும் பிரச்சினை இல்லை, பார்வையும் பிரச்சினை. சோறு பசியைத் தீர்க்கும். நாலு பேர் கண்ணில் நிமிர்ந்து தெரிவதற்குத் தேர் வேண்டியிருக்கிறது.

வண்டியில் நிமிர்ந்து உட்கார்வது நம் நாட்டில் சாதாரண விஷயம் இல்லை. 2018இல் உத்தரப் பிரதேசத்தின் காஸ்கஞ்ச் மாவட்டத்தில் ஒரு தலித் மாப்பிள்ளை, ஆதிக்க சாதித் தெரு வழியாகத் தன் கல்யாண ஊர்வலம் போகவேண்டும் என்பதற்காக நீதிமன்றம் வரை போனார். கடைசியில் போலீஸ் காவலோடுதான் ஊர்வலம் போனது. வடக்கைச் சொல்லிவிட்டு நாம் தப்பிக்க முடியாது. 2013 ஏப்ரல் 25 அன்று, மாமல்லபுரம் சித்திரை முழுநிலவு விழாவுக்கு வண்டிகள் போன நாளில், மரக்காணத்தில் சாதிக் கலவரம் வெடித்தது. தலித் மக்களின் வீடுகள் எரிந்தன, பஸ்கள் எரிந்தன, கிழக்குக் கடற்கரைச் சாலை நின்றுபோனது. எந்த வண்டி, யாரை ஏற்றிக்கொண்டு, எந்தத் தெருவில் போகிறது என்பதற்கு இந்த ஊரில் ஒரு அர்த்தம் உண்டு. வாடகைக்கு எடுத்த வெள்ளைக் காருக்கும் அது உண்டு.

கல்யாணத்தன்று காலை வண்டி வந்தது. டிரைவருக்கு நாற்பது வயதிருக்கும். இறங்கியதும் செய்த முதல் வேலை, சித்தப்பாவைத் தனியே கூப்பிட்டதுதான். "ஐயா, வழியில போலீஸ் நிறுத்துனா வாடகைன்னு சொல்லிடாதீங்க. உங்க சொந்தக்காரர் வண்டின்னு சொல்லுங்க. ஓனர் பேரு இது" என்று ஒரு பெயரைச் சொன்னார். சித்தப்பா அந்தப் பெயரை இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். "என்ன முறைன்னு சொல்றது?" என்று கேட்டார். "மச்சான்னு வெச்சிக்கங்க." முப்பது வருஷம் உப்பு வாரிய மனுஷனுக்கு அன்று காலை ஒரு பணக்கார மச்சான் கிடைத்தார்.

காரணம் நம்பர் பிளேட். வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் சொந்த உபயோகம். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் வாடகை வண்டி. கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து, நாமே ஓட்டிக்கொள்ள வாடகைக்கு விடும் வண்டி. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 66ஆம் பிரிவுப்படி, வாடகைக்கு ஓடும் வண்டிக்குப் பெர்மிட் வேண்டும். பெர்மிட் இல்லாமல் ஓட்டினால் 192ஏ பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை. ஆனாலும் வெள்ளை போர்டில்தான் எங்களுக்கு வந்தது. கல்யாண போட்டோவில் மஞ்சள் போர்டு தெரிந்தால் அது வாடகை என்று உலகத்துக்கே தெரிந்துவிடும். வெள்ளை போர்டு அந்த ரகசியத்தைக் காப்பாற்றுகிறது. நாம் வாடகைக்கு எடுப்பது காரை மட்டுமல்ல, அது நம்முடையது என்ற தோற்றத்தையும்தான்.

அந்தத் தோற்றத்தின் விலையை வேறொருவர் சுமக்கிறார். தனியார் உபயோகத்துக்கு எடுத்த இன்சூரன்ஸ், வண்டி வாடகைக்கு ஓடும்போது நடக்கும் விபத்துக்குப் பொறுப்பேற்க மறுக்கலாம். பாலிசியிலேயே அப்படி ஒரு விதிவிலக்கு உண்டு. பின்சீட்டில் பொண்ணும் மாப்பிள்ளையும், முன்சீட்டில் டிரைவர். மூன்று பேருமே அன்று அந்த விதிவிலக்கின் மேல்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

இங்கிலாந்தில் இதற்கு வேறு வழி கண்டார்கள். லண்டனுக்கு வெளியே வாடகைக் கார்களை முறைப்படுத்தும் 1976ஆம் வருஷச் சட்டத்தில், கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஓடும் வண்டிகளுக்கு அந்த லைசென்ஸிலிருந்து விலக்கு உண்டு. அங்கே கல்யாணக் கார் சொந்த வண்டிபோல நடிக்கவேண்டிய அவசியமில்லை. இங்கேயும் கல்யாண வண்டிக்கென்று எளிதான ஒரு நாள் பெர்மிட்டும் இன்சூரன்ஸும் இருந்தால், சித்தப்பா மச்சான் பெயரை மனப்பாடம் செய்யவேண்டியிருந்திருக்காது.

தாலி கட்டி முடிந்ததும் போட்டோகிராபர் உப்பளத்துக்குள் காரை விட்டு ஒரு ஷாட் கேட்டார். வெள்ளை உப்புக் குவியல், வெள்ளைக் கார், பட்டுப்புடவை. டிரைவர் கையெடுத்துக் கும்பிட்டார். "சார், உப்பு மட்டும் வேணாம்." அவர் சொன்னது நியாயம். உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். உப்புக் கரைசல் மின்சாரத்தைக் கடத்துவதால் இரும்பு பல மடங்கு வேகமாகத் துருப்பிடிக்கும். பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் நாடுகளில் கார்கள் அடியிலிருந்து அரித்துப்போவது இதனால்தான். கார் தார் ரோட்டிலேயே நின்றது. தங்கச்சி புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரப்பில் நடந்தாள். மாப்பிள்ளை தடுமாறினார், அவள் தடுமாறவில்லை. சின்ன வயதிலிருந்து நடந்த வரப்பு.

மத்தியானம் பந்தியில் டிரைவரைத் தேடினேன். வண்டிக்குள் ஏசி இல்லாமல், கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. பொண்ணு வீட்டார் மாப்பிள்ளை வீட்டார் கூப்பிட்டிருப்பார்கள் என்று நினைத்திருக்கிறார்கள், அவர்கள் எங்களை. இலை போட்டு உட்காரவைத்தேன். சித்தி வந்து அவருக்குக் கூட ஒரு அப்பளம் வைத்தார். ஓனர் தன்னிடம் ஒரு கல்யாணத்துக்கு எவ்வளவு கொடுக்கிறார், கீறல் விழுந்தால் எவ்வளவு பிடிக்கிறார் என்பதையெல்லாம் ரசம் ஊற்றும்போது சொன்னார். பிடித்தம்தான் பெரிய தொகையாக இருந்தது.

சிறுபாணாற்றுப்படையில் அந்த வலவனுக்குப் பெயர் இல்லை. பாணனை வீட்டில் கொண்டுபோய் விட்டபிறகு அவன் என்ன ஆனான் என்றும் பாட்டு சொல்வதில்லை. தேரோடு சேர்த்து அவனும் கொடுக்கப்பட்டவன். எங்கள் டிரைவர் கொடுக்கப்பட்டவர் இல்லை, பத்து மணி நேரத்துக்குப் பேசப்பட்டவர். அந்த அளவுக்கு உலகம் மாறியிருக்கிறது.

சாயந்திரம் அவர் கிளம்பும்போது சித்தப்பா பேட்டாவுக்கு மேல் 500 ரூபாயும், ஒரு பையில் இரண்டு கிலோ கல் உப்பும் கொடுத்தார். டிரைவர் பையைப் பார்த்தார், காரைப் பார்த்தார். பிறகு அதை இன்னொரு பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுக்கமாக முடிச்சுப் போட்டு, தன் காலடியில் வைத்துக்கொண்டார். "காலியா போறப்பதாங்க நிம்மதி. நிறுத்துனா யாரும் எனக்குச் சொந்தக்காரங்க இல்ல" என்று சிரித்துவிட்டு ஈ.சி.ஆர். பக்கம் திருப்பினார்.