செராம்பூர் நதிக்கரையில்

கர்த்தருடைய கிருபையால் கொல்கத்தாவில் பதினேழு ஆண்டுகள் குடியிருந்த பின்பே செராம்பூரைக் காணும் சிலாக்கியம் எனக்குக் கிடைத்தது. ஹவுராவிலிருந்து லோக்கல் ரயிலில் சுமார் 20 கிலோமீட்டர்தான். இத்தனை அருகிலிருந்தும் போகாதிருந்ததை எண்ணி வெட்கப்பட்டேன்.

ஹூக்ளி நதியின் மேற்குக் கரையிலுள்ள இவ்வூர், நம் தரங்கம்பாடியைப் போலவே டேனிஷ்காரர் வசம் இருந்தது. 1845-ல் இரண்டையும் அவர்கள் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டனர். ஆங்கிலேயக் கம்பெனி மிஷனெரிகளை விரும்பாத காலத்தில், டேனிஷ் கொடியின் நிழலை நாடி வில்லியம் கேரி 1800 ஜனவரியில் இங்கே வந்து சேர்ந்தார். அவ்வாண்டு டிசம்பர் 28-ல் கிருஷ்ண பால் என்னும் தச்சர் இந்நதியில் ஞானஸ்நானம் பெற்றார். 1801-ல் வங்காளப் புதிய ஏற்பாடு அச்சாயிற்று. 1818-ல் கல்லூரி எழும்பிற்று. அதன் உயர்ந்த தூண்கள் இன்றும் நதியை நோக்கி நிற்கின்றன.

இவையெல்லாம் நாம் சபைகளில் பலமுறை கேட்டவையே. நான் அறியாதிருந்தது வேறொன்று. படித்துறையில் என்னோடு பேசிக்கொண்டிருந்த வயதான வங்காளப் போதகர் ஒருவர், கேரி 1801-ல் வெளியிட்ட 'கதோபகதன்' என்ற நூலைப் பற்றிச் சொன்னார். 'உரையாடல்' என்பது பொருள். கல்கத்தாவின் வில்லியம் கோட்டைக் கல்லூரியில் பயின்ற ஆங்கிலேய வாலிபருக்கென்று, இந்நாட்டாரைக்கொண்டே அவர் எழுதுவித்தது. எஜமானும் வேலைக்காரனும், ஜமீன்தாரும் குடியானவனும், கடன் கொடுத்தவனும் கடன்காரனும், மீனவர், பிச்சைக்காரர், சந்தைக்குப் போகும் பெண்கள் என அவரவர் வாய்மொழியிலேயே பேசுகின்றனர். பெண்கள் ஒருவரையொருவர் ஏசும் சண்டைகூட அதில் உண்டாம்! பரிசுத்தவான் ஒருவர் வசைமொழியை அச்சேற்றலாமா என்று எனக்குச் சற்று இடறலாகத்தான் இருந்தது. போதகரோ சிரித்து, "எப்படி ஏசுகிறார்கள் என்று தெரியாதவனுக்கு, எப்படி ஆறுதல் சொல்வது என்றும் தெரியாது" என்றார்.

பின்பு என்னிடம், "உம் வீட்டில் வேலை செய்பவர்களை எப்படி அழைக்கிறீர்?" என்று வினவினார். நான் பதில் சொல்லக் கூசினேன்.

வங்காளத்தில் முன்னிலைச் சொற்கள் மூன்று. மரியாதைக்கு 'ஆப்னி', நெருக்கத்திற்கு 'தூமி', குழந்தைகளுக்கும் உற்ற நண்பருக்கும் 'துயி'. அந்நியரான பெரியவரிடம் 'துயி' என்பது அவமதிப்பு. 'வா' என்பதற்கும் 'ஆஷுன்', 'எஷோ', 'ஆய்' என்று மூன்று உண்டு. நான் இம்மொழியைக் கற்றது சரக்குக் கிடங்கில். அங்கே கூலியாட்களை மேஸ்திரி அழைப்பது 'துயி'. அதையே வீட்டிற்கும் கொண்டுவந்தேன். எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்கும் அம்மையார் என் தாயின் வயதொத்தவர். ஆறு ஆண்டுகளாக ஜெபக்கூட்டத்திற்கு அவரை நான் அழைத்த சொல், 'ஆய்'. அவர் தலையசைப்பார், வரமாட்டார். இருதயக் கடினம் நீங்கும்படி என் மனைவியும் நானும் உபவாசித்து ஜெபித்ததும் உண்டு. யாருடைய இருதயத்திற்காக என்று இப்பொழுது கேட்டுக்கொள்கிறேன்.

திரும்பும் ரயிலில் அப்போஸ்தலர் 21-ம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியையும் 22-ம் அதிகாரத்தின் தொடக்கத்தையும் வாசித்தேன். பவுல் சேனாபதியிடம் கிரேக்கு பாஷையில் பேசுகிறார். அடுத்த கணமே படிகளின்மேல் நின்று ஜனங்களிடம் எபிரெயு பாஷையில் பேசுகிறார். அவரை அடித்துக் கொல்லத் தேடின கூட்டம் அது. அவர்களையும் சகோதரரே, பிதாக்களே என்றுதான் அழைக்கிறார். பலமுறை பிரசங்கத்தில் கேட்ட பகுதிதான். அந்த அழைப்பை நான் கவனித்ததில்லை.

மறுநாள் காலை அம்மையார் வந்தபோது, "மாசி, போஷுன்" என்றேன். சித்தி, உட்காருங்கள் என்பது பொருள். அவர் திரும்பி, தமக்குப் பின்னே யார் வந்திருக்கிறார்கள் என்று பார்த்தார். ஒருவருமில்லை. ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நாற்காலியின் நுனியில் அமர்ந்தார். அன்று நான் சுவிசேஷம் ஒன்றும் சொல்லவில்லை. வேலை தேடிக் கேரளாவிற்குச் சென்ற தம் மகன் மூன்று மாதமாகப் பணம் அனுப்பவில்லை என்று அவரே சொல்லத் தொடங்கினார்.