கடைசல் பட்டறையில் கை பத்திரம்

'கடை' என்று ஒரு வினைச்சொல் தமிழில் இருக்கிறது. மத்தை வைத்துத் தயிரைக் கடைந்தால் மோரும் வெண்ணெயும் கிடைக்கும். கீரையை வேகவைத்துக் கடைந்தால் கீரைக் கடைசல். உளியை வைத்து மரத்தைக் கடைந்தால் அதற்கும் பெயர் கடைசல்தான். அடுப்படிக்கும் தச்சுப் பட்டறைக்கும் எப்படி ஒரே சொல் பொருந்துகிறது என்று ஆச்சரியப்பட வேண்டாம். பழைய காலத்துக் கடைசல் வேலையைப் பார்த்தவர்களுக்கு அது உடனே விளங்கிவிடும்.

அப்போது மோட்டார் கிடையாது. இரண்டு முளைகளுக்கு நடுவே மரத்துண்டைப் பொருத்தி, அதில் கயிற்றைச் சுற்றி, ஒருவர் கயிற்றின் இரண்டு நுனிகளையும் மாற்றி மாற்றி இழுப்பார். மரம் முன்னும் பின்னுமாகச் சுழலும். எதிரில் உட்கார்ந்தவர் உளியைப் பிடித்துச் செதுக்குவார். பாற்கடலைக் கடைந்த கதையில் வாசுகியை இழுத்தார்களே, அதே காட்சிதான்!

அந்தப் பழைய முறையில் யாரும் கவனிக்காத பாதுகாப்பு ஒன்று இருந்தது. உளி பிடித்தவர் 'ஐயோ' என்று ஒரு சத்தம் போட்டால் போதும், கயிறு இழுப்பவர் கையை விட்டுவிடுவார், மரம் நின்றுவிடும். உலகத்தின் முதல் 'அவசர நிறுத்த ஸ்விட்ச்' ஒரு மனிதர்தான். மோட்டார் வந்தபோது போனது அந்த மனிதரின் கூலி மட்டும் அல்ல, அவருடைய காதும்தான். மோட்டாருக்குக் காது கிடையாது.

சரி, திருமழபாடிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கும் திருமழபாடி என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது நந்தியெம்பெருமான் திருக்கல்யாணம். பங்குனி மாதம் திருவையாற்றிலிருந்து மாப்பிள்ளை ஊர்வலம் வரும். 'நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம்' என்பது இந்தப் பக்கத்துப் பேச்சு. கல்யாணம் ஆகாத பிள்ளைகளைப் பெற்றவர்கள் அதற்காகவே கூட்டத்தில் நிற்பார்கள். கல்யாணம் என்றால் அடுத்து என்ன? கட்டில், அதற்கடுத்து தொட்டில்! கட்டில் கால், தொட்டில் கம்பி, பிள்ளை விளையாடும் சொப்பு, பம்பரம், பிறகு பூரிக்கட்டை, மத்து என்று ஒரு வீட்டின் வாழ்க்கை முழுக்கக் கடைசல் மரம் கூடவே வருகிறது.

பக்கத்துப் பெரம்பலூர் மாவட்டத்தின் அரும்பாவூர் மரச்சிற்பங்களுக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே மரம் அசையாமல் இருக்கும், உளி நகரும். கடைசலில் நேர் எதிர். உளி அசையாமல் இருக்க, மரம் பறக்கும். ஆபத்து எல்லாம் இந்த ஒரு மாற்றத்தில்தான் இருக்கிறது. சிற்பிக்கு வேகம் தன் கையில். கடைசல்காரருக்கு வேகம் மோட்டாரின் கையில்.

ஒரு சின்னக் கணக்கு

லேத் நிமிடத்துக்கு 2000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் விநாடிக்கு 33 சுற்று. ஏதோ தவறு நடக்கிறது என்று கண் பார்த்து, மூளை புரிந்து, கை அசைவதற்குக் கால் விநாடியாவது ஆகும். அந்தக் கால் விநாடியில் மரம் 8 முறை சுற்றிவிடும். 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள கட்டையின் சுற்றளவு சுமார் 16 சென்டிமீட்டர். எட்டுச் சுற்றுக்கு ஒன்றேகால் மீட்டர். அதாவது தோளில் கிடக்கும் துண்டின் நுனி மாட்டியது என்று தெரிவதற்குள் ஏறக்குறைய துண்டு முழுவதும் கட்டையில் சுற்றிக்கொண்டிருக்கும். துண்டுக்குப் பின்னால் கழுத்து இருக்கிறது.

'பலமாக இழுத்தால் வந்துவிடாதா' என்று கேட்கலாம். ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். ஒரு மனிதர் தொடர்ந்து கொடுக்கக்கூடிய திறன் 75 வாட் அளவில்தான். ஒரு சாதாரண ஒரு குதிரைத்திறன் மோட்டாரோடு கயிறு இழுக்கும் போட்டி போடுவது பத்து ஆட்களோடு தனியாகப் போட்டி போடுவதற்குச் சமம்.

2011 ஏப்ரலில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு மாணவி ஒருவர் வேதியியல் ஆய்வகத்தின் பட்டறையில் இரவில் தனியாக வேலை செய்துகொண்டிருந்தார். அது உலோகம் கடையும் லேத். தலைமுடி அதில் சிக்கி உயிரிழந்தார். படிப்பில்லாதவர்களுக்கும் அறியாதவர்களுக்கும் மட்டும்தான் இப்படி நடக்கும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. இயந்திரம் மார்க் ஷீட் பார்ப்பதில்லை.

உடம்பில் தொங்குவது எல்லாம் ஆபத்து

லேத்தின் முன்னால் நிற்பவர் உடம்பில் எதுவும் தொங்கக் கூடாது. இது முதல் விதி. துண்டு, துப்பட்டா, முந்தானை, மடித்துக் கட்டிய லுங்கி, பொத்தான் போடாத முழுக்கை, கைக்கடிகாரம், மோதிரம், காதில் மாட்டிய பாட்டு ஒயர், எல்லாம் வெளியே. அரைக்கைச் சட்டை, உடம்போடு ஒட்டிய பேண்ட், மூடிய செருப்பு அல்லது ஷூ போதும். நீள முடியைக் கொண்டையாகப் போட்டுத் தொப்பிக்குள் விட வேண்டும். பின்னல் ஆபத்து.

கையுறை போட்டால் கை பத்திரம் என்று பலர் நினைக்கிறார்கள். மற்ற வேலைகளுக்கு அது சரி. சுழலும் இயந்திரத்தில் கையுறைதான் எதிரி. வெறும் விரல் உரசினால் தோல் போகும். கையுறை மாட்டினால் விரலையும் சேர்த்து இழுக்கும்.

நம் ஊர்ப் பக்கம் இன்னொரு சிக்கல் உண்டு. மற்ற ஊர்க் கையேடுகளில் இதைப் பார்க்க முடியாது. ஆடிப்பெருக்கன்று ஆற்றங்கரையில் கட்டிக்கொள்ளும் மஞ்சள் கயிறு, கோயிலில் கட்டிவிடும் காப்புக் கயிறு, கார்த்திகையில் ஐயப்பனுக்குப் போடும் மாலை. இவற்றைக் கழற்று என்று ஒரு மேஸ்திரி சொன்னால் பையன் முகம் வாடிவிடும். 'சாமிக் குத்தம்' என்ற பயம். மணிக்கட்டுக் கயிறைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலை முடிந்ததும் கட்டிக்கொள்ளலாம். மாலையைக் கழற்ற முடியாதவர் பனியனுக்கு உள்ளே போட்டு, மேலே கழுத்துவரை மூடிய, உடம்போடு ஒட்டிய ஏப்ரனைக் கட்டிக்கொள்ள வேண்டும். அதுவும் நிற்காது என்றால் மாலை இறக்கும் வரை வேறு வேலை பார்க்கலாம். காப்பு என்ற சொல்லுக்கே பாதுகாப்பு என்றுதானே பொருள்? அந்தக் கயிறே கையை இழுத்துவிட்டால் கட்டியதற்கு என்ன அர்த்தம்!

ஸ்விட்ச் போடுவதற்கு முன்

கடைசலில் விபத்தைத் தடுக்கும் வேலை பெரும்பாலும் மரம் சுழலத் தொடங்கும் முன்பே முடிந்துவிட வேண்டும். வெடிப்பு, தளர்ந்த முடிச்சு, உள்ளே ஒளிந்த ஆணி இருக்கிற மரத்தைத் தள்ளி வைக்க வேண்டும். சதுரக் கட்டையின் மூலைகளை முதலிலேயே சீவிவிட்டால் அதிர்ச்சி குறையும். இரண்டு முனையிலும் மையம் சரியாகக் குறித்து, டெயில்ஸ்டாக்கை நெருக்கிப் பூட்ட வேண்டும். சக் சாவியைக் கையோடு எடுத்துவிட வேண்டும். சாவி மாட்டியபடி ஸ்விட்ச் போட்டால் அது கவண்கல் போலப் பறக்கும்.

உளியைத் தாங்கும் டூல் ரெஸ்ட், மரத்துக்குக் கால் அங்குலத்துக்குள் நெருங்கி இருக்க வேண்டும். இடைவெளி கூடினால் உளியின் நுனி நெம்புகோல் ஆகிவிடும், மரம் அதைக் கீழே அடித்துக் கையைத் தூக்கி எறியும். எல்லாம் பூட்டியபின் கையால் மரத்தை ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும். எங்கும் இடிக்கவில்லை என்றால் சரி. மரம் தேயத் தேய ரெஸ்டை நகர்த்த வேண்டும், ஆனால் ஓடும்போது அல்ல. நிறுத்திவிட்டுத்தான்.

ஸ்விட்ச் போடும்போது மரத்துக்கு நேர் எதிரே நிற்கக் கூடாது. பக்கவாட்டில் நின்று, மிகக் குறைந்த வேகத்தில் தொடங்கி, அதிர்வு இல்லை என்று தெரிந்த பிறகு முன்னால் வரலாம். முகம் முழுவதும் மூடும் கண்ணாடிக் கவசம் வேண்டும். பவர் கண்ணாடி கண்ணைக் காக்கலாம், தாடையைக் காக்காது.

உளி முதலில் ரெஸ்டில் உட்கார வேண்டும், பிறகுதான் மரத்தைத் தொட வேண்டும். இந்த வரிசை மாறினால் ஒரு நொடியில் உளி மாட்டிக்கொள்ளும். மழுங்கிய உளி ஆபத்து குறைந்தது என்று நினைப்பதும் தவறு. மழுங்கியதைத்தான் அமுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும், அமுக்கும்போதுதான் கை வழுக்கும். செலவு மிச்சம் என்று பழைய அரத்தைத் தீட்டி உளியாக்குவதும் உண்டு. அரத்தின் எஃகு கடினமானது, ஆனால் நொறுங்கும். சுழலும் மரத்தின் அடி விழுந்தால் துண்டாகிவிடும்.

வேகம்

கடைசல்காரர்கள் மனக்கணக்காக வைத்திருக்கும் ஒரு விதி உண்டு. மரத்தின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, சுற்று வேகத்தால் பெருக்கினால் விடை 6000க்கும் 9000க்கும் இடையில் இருக்க வேண்டும். 2 அங்குலப் பூரிக்கட்டைக்கு 3000 சுற்று சரி. 4 அங்குலக் கட்டில் காலுக்கு 1500. 12 அங்குலத் தட்டுக்கு 500 போதும். இதுவும் மரம் உருண்டையான பிறகுதான், ஆரம்பத்தில் இன்னும் குறைவு.

பூரிக்கட்டை கடைந்த அதே 3000 வேகத்தில் மறதியாக 12 அங்குலத் தட்டை மாட்டி ஓட்டினால் என்ன ஆகும்? தட்டின் விளிம்பு மணிக்குச் சுமார் 170 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். வேகம் இரட்டிப்பானால் மரத்தைப் பிய்க்கும் விசை நான்கு மடங்காகும். அந்த நேரத்தில் மரத்தில் ஒரு வெடிப்பு இருந்தால், பட்டறைக் கூரை எத்தனை பலம் என்று தெரிந்துவிடும்.

தேய்ப்பதும் மெருகும்

உளி வேலை முடிந்து உப்புத்தாள் பிடிக்கும் நேரத்தில் கவனம் தளரும். 'இனி என்ன, முடிந்துவிட்டதே' என்ற எண்ணம் வரும். டூல் ரெஸ்டைக் கழற்றி எடுத்துவிட்டுத்தான் தேய்க்க வேண்டும். இல்லையென்றால் விரல் இரண்டுக்கும் நடுவே போய்விடும். உப்புத்தாளை விரலில் சுற்றிக்கொள்ளக் கூடாது. மெருகு போடத் துணி ஆகாது.

கர்நாடகத்துச் சென்னபட்டணத்தில் வெட்பாலை மரத்தில் பொம்மை கடைபவர்கள் சுழலும் மரத்தின்மேல் அரக்குக் குச்சியை வைத்து அழுத்துவார்கள். உரசும் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் படியும். அதற்குமேல் தாழை மடலால் தேய்த்துப் பளபளப்பு ஏற்றுவார்கள். மடல் நல்ல மெருகு தரும். இன்னொரு லாபமும் உண்டு, மாட்டிக்கொண்டால் மடல் கிழியும், துணி இழுக்கும்.

கரண்ட் போனால்

கடைசல் நடுவில் மின்சாரம் நிற்கிறது. உளியை வைத்துவிட்டு ஒருவர் மரத்தைத் தடவிப் பார்க்கிறார், அல்லது பெல்ட்டைச் சரி செய்கிறார். ஸ்விட்ச் 'ஆன்' நிலையிலேயே இருக்கிறது. மின்சாரம் திரும்பி வருகிறது. கை உள்ளே!

வீட்டு விளக்குக்குப் போடும் சாதாரண ஸ்விட்சை லேத்துக்குப் போட்டால் இதுதான் நிலைமை. பச்சை, சிவப்புப் பொத்தான் உள்ள ஸ்டார்ட்டரில் மின்சாரம் போனதும் உள்ளே இருக்கும் காயில் விடுபட்டுவிடும். மறுபடி பச்சைப் பொத்தானை அழுத்தினால்தான் ஓடும். ஒரு நாள் கூலிக் கணக்குப் பார்த்து இதைத் தவிர்ப்பவர்கள் ஒரு கையின் விலையைக் கணக்குப் பார்ப்பதில்லை. சிவப்புப் பொத்தான் நிற்கும் இடத்திலிருந்தே எட்ட வேண்டும். சுழலும் மரத்தைத் தாண்டிக் கை நீட்டி அணைப்பது போன்ற முட்டாள்தனம் வேறில்லை.

மரத்தூளும் சும்மா இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பட்டியலில் வைத்திருக்கிறது. மூக்கும் அதைச் சுற்றிய அறைகளும் பாதிக்கப்படும். கைக்குட்டை கட்டிக்கொண்டால் பொடித்தூள் நிற்காது, நல்ல முகமூடி வேண்டும்.

சட்டம் எங்கே நிற்கிறது?

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 22ஆம் பிரிவு, ஓடும் இயந்திரத்தின் அருகே போய்ப் பராமரிக்க வேண்டியவர் உடம்போடு ஒட்டிய உடை அணிய வேண்டும், அந்த உடையை முதலாளியே கொடுக்க வேண்டும் என்று எழுதி வைத்திருந்தது. நல்ல விதிதான். ஆனால் மின்விசை உள்ள இடத்தில் பத்துப் பேராவது வேலை செய்தால்தான் அந்தச் சட்டம் பொதுவாகப் பொருந்தும். 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் அந்தப் பத்து இருபதாகிவிட்டது. அப்பாவும் மகனும் ஒரு உதவியாளும் இருக்கும் கடைசல் பட்டறை அன்றும் தொழிற்சாலைக் கணக்கில் இல்லை, இன்றும் இல்லை. ஆய்வாளர் வரப்போவதில்லை. அங்கே மேஸ்திரியின் வாய்தான் சட்டம்.

அதனால்தான் தொழில் கற்றுக்கொள்ளப் போகும் பையனோ பெண்ணோ முதல் நாளே மூன்று விஷயம் கேட்டுவிடுவது நல்லது. சிவப்புப் பொத்தான் எங்கே இருக்கிறது? கரண்ட் போய் வந்தால் மெஷின் தானாக ஓடுமா? இங்கே யாராவது தனியாக வேலை செய்கிறார்களா? இந்த மூன்றுக்கும் சரியான பதில் சொல்லும் மேஸ்திரியிடம் தைரியமாக உளி பிடிக்கலாம். கேள்வி கேட்டதற்காகக் கோபப்படுகிறவரிடம் வேலை கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. பத்து விரலோடு போனவர் பத்து விரலோடு திரும்புவதும் கடைசல் வேலையில் ஒரு தேர்ச்சிதான், அதற்குச் சான்றிதழ் கொடுக்க ஆள் இல்லாவிட்டாலும்!