நாக்கு நிற்கும் இடம்

எங்கள் வீட்டில் காக்காவுக்கும் தாத்தாவுக்கும் என் வாயில் ஒரே பெயர்தான். இரண்டுமே தாத்தா. தாத்தா தவறிப்போன வருஷம், அமாவாசையன்று ஆச்சி புறவாசல் மதில்மேல் இலைத்துண்டில் சோறு வைத்து, கா கா என்று கூப்பிட்டுக்கொண்டு நின்றாள். முருங்கை மரத்திலிருந்து ஒன்று இறங்கி வந்து சோற்றைக் கொத்தியது. நான் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு, "ஆச்சி, தாத்தா! தாத்தா!" என்று கத்தினேன். ஆச்சி அப்படியே கையெடுத்துக் கும்பிட்டாள். "ஆமாய்யா, தாத்தாதான் வந்திருக்காவ" என்றாள். கண்ணெல்லாம் தண்ணீர். நான் சொன்னது அந்தக் கறுப்புப் பறவையை. அதை அவளுக்கு விளக்கவும் எனக்கு வாய் இல்லை.

எழுபதுகளின் கடைசி அது. ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில் தாமிரபரணிப் பாசனத்தில் எங்கள் ஊர். ஐந்து வயது முடிந்தும் எனக்குக் ககரம் வரவில்லை. கை என்பது தை. விறகுக் கட்டு என்பது விறதுத் தட்டு. அம்மாவிடம் முறுக்கு கேட்டால் "தொடு, தொடு" என்பேன். அவள் பழகியவள் என்பதால் கொடுத்துவிடுவாள். விருந்தாளிகள் முறுக்கைத் தொட்டுக் காட்டிச் சிரிப்பார்கள். என் பெயரே ககரத்தில்தான் தொடங்கும். "உன் பேரென்ன தம்பி?" என்று கேட்பவர்களைப் பார்த்தாலே நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய்விடுவேன்.

பெரியவர்கள் யாருக்கும் புரியாதிருந்தது ஒன்று உண்டு. என் காதில் எல்லாம் சரியாகவே விழுந்தது. மாமா மகன் என்னைப் போலவே பேசிக்காட்டுவான். "ஏல, தாத்தா பறக்குதுல" என்பான். எனக்குக் கோபம் பொங்கும். "தாத்தா இல்ல, தாத்தா!" என்று அவனைத் திருத்துவேன். எனக்குள் அந்த இரண்டாவது தாத்தா, காக்காவாகத்தான் ஒலித்தது. அவன் தப்பாகச் சொல்கிறான், நான் சரியாகச் சொல்கிறேன். பல வருஷங்களுக்குப் பிறகு, அமெரிக்காவில் ஜீன் பெர்கோ, ரோஜர் பிரவுன் என்ற இருவர் 1960இல் எழுதிய ஒரு குறிப்பைப் பற்றிப் படித்தேன். தன் பொம்மை மீனின் பெயரைத் தவறாக உச்சரிக்கும் குழந்தை ஒன்று, பெரியவர் அதே தவறோடு சொன்னதும் மறுத்துவிடுகிறது. அவர் சரியாகச் சொன்ன பிறகுதான் தலையாட்டுகிறது. அதைப் படித்த அன்று புறவாசலும் மாமா மகனும் நானுமாக அந்தச் சண்டை முழுவதும் மனசில் ஓடியது. உலகத்தின் வேறொரு மூலையில் ஒரு குழந்தை அதே நியாயத்துக்காக நின்றிருக்கிறது.

பள்ளிக்கூடம் சேர்ந்ததும் நிலைமை மோசமானது. வகுப்பில் எழுப்பி நிறுத்தி, "க, கா சொல்லு" என்பார்கள். த, தா என்பேன். "சரியாச் சொல்லுல" என்று ஒரு அதட்டல். மறுபடியும் த, தா. வகுப்பே சிரிக்கும். சரியாகச் சொல் என்று எல்லோரும் சொன்னார்கள். எப்படி என்று ஒருவரும் சொல்லவில்லை. உதட்டில் பிறக்கும் பகரத்தையும் மகரத்தையும் குழந்தை கண்ணால் பார்த்துவிடலாம். தகரத்துக்கு நாக்கு பல்லைத் தொடுவதும் கொஞ்சம் தெரியும். ககரம் பிறக்கும் இடமோ வாய்க்குள்ளே, இருட்டில். எந்த அதட்டலும் அங்கே வெளிச்சம் போடாது. சில மாதங்களில் நான் வகுப்பில் வாயைத் திறப்பதையே விட்டுவிட்டேன். மந்தம் என்று பெயர் வந்தது.

நாக்கு தடிச்சிருக்கு என்றார்கள். செல்லம் கொடுத்ததால் மழலை மாறவில்லை என்றார்கள். வசம்பை விளக்கில் சுட்டு, தேனில் உரைத்து நாக்கில் தடவினார்கள். அதன் கசப்பும் காரமும் இப்போதும் நினைவிருக்கிறது. கூழாங்கல்லை வாயில் அடக்கிக்கொண்டு பேசப் பழக்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னதை, தொண்டையில் சிக்கிக்கொள்ளும் என்று அம்மா பிடிவாதமாக மறுத்தாள். ஆச்சிக்கு வேறு நம்பிக்கை இருந்தது. குமரகுருபரர் எங்கள் ஸ்ரீவைகுண்டத்துக்காரர். ஐந்து வயதுவரை பேசாதிருந்த பிள்ளையைப் பெற்றோர் திருச்செந்தூர் சந்நிதியில் கிடத்த, அவர் வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடினார் என்பது எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும் கேட்டு வளர்ந்த கதை. ஆச்சி என்னை ரயிலில் ஏற்றி அழைத்துப்போனாள். கடலில் முக்கி எடுத்தாள். பன்னீர் இலையில் வாங்கிய திருநீற்றை நாக்கில் வைத்தாள். அந்தக் கைநடுக்கத்தில் இருந்த அன்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் திரும்பி வரும்போது ரயிலில் நான் கேட்டது "தடலை மித்தாய்" தான்.

அப்பாவோடு தபால் ஆபீஸில் வேலை பார்த்த ஒருவர்தான் வழி சொன்னார். பாளையங்கோட்டையில், ஐகிரவுண்டு பக்கத்துத் தெருவொன்றில், மைசூரில் இதற்கென்றே படித்துவிட்டு வந்த ஒரு பெண் இருக்கிறார் என்று. 1965இல் மைசூரில் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம்தான் அந்த நாளில் நம் நாட்டில் இந்தப் படிப்புக்கு முக்கியமான இடம். காது கேளாத பிள்ளைகளுக்கு 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே பள்ளிக்கூடம் கண்ட ஊர் பாளையங்கோட்டை. அதனால் அங்கே அப்படி ஒருவர் இருந்தது ஆச்சரியமில்லை. காது கேட்கிற, வாய் இருக்கிற பிள்ளைக்கும் அவரிடம் வேலை உண்டு என்பதுதான் எங்களுக்குப் புதிது.

அவரை எல்லோரும் அக்கா என்றார்கள். எனக்கு அத்தா.

முதல் நாள் அவர் என்னைப் பேசவே சொல்லவில்லை. டார்ச் அடித்து அண்ணத்தில் பிளவு இருக்கிறதா என்று பார்த்தார். நாக்கை நீட்டி மேலுதட்டைத் தொடச் சொல்லி, அடியில் ஒட்டு இல்லை என்று உறுதி செய்துகொண்டார். காது டாக்டரிடம் சோதனை முடித்து வாங்கிவந்த சீட்டைப் பார்த்தார். பிறகு இரண்டு படங்களை என் முன்னால் வைத்தார். ஒன்றில் சாப்பாட்டுத் தட்டு, மற்றதில் விறகுக் கட்டு. என் முதுகுப் பக்கம் போய் நின்று மெதுவான குரலில் "கட்டு" என்றார். நான் விறகைத் தொட்டேன். "தட்டு" என்றார், சாப்பாட்டுத் தட்டைத் தொட்டேன். மாற்றி மாற்றிச் சொன்னார், நான் தவறவில்லை. அப்பாவிடம் திரும்பி, "பிள்ளைக்குக் காதும் கேட்குது, வித்தியாசமும் தெரியுது. நாக்குக்குத்தான் வழி தெரியலை" என்றார். மந்தம் என்ற சொல் என் மேலிருந்து இறங்கியது அந்த நிமிஷத்தில்தான். அப்பா திண்ணையில் உட்கார்ந்து வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

கட்டு–தட்டு, காய்–தாய், கொடு–தொடு, கடி–தடி என்று ஒரே ஒலி மட்டும் மாறும் சோடிகள் அவர் வீட்டு மரப்பெட்டி நிறைய இருந்தன. காலண்டரிலும் தீப்பெட்டியிலும் வெட்டி ஒட்டிய படங்கள். கேட்கப் பழகுவது, பிறகு ஒலியைத் தனியே எழுப்புவது, அசையில் சேர்ப்பது, சொல்லில், வாக்கியத்தில், கடைசியில் சாதாரணப் பேச்சில் என்று படிப்படியாகப் போகும் முறை அது. சார்லஸ் வான் ரைப்பர் என்ற அமெரிக்கர் 1939இல் எழுதிய பாடநூல் வழியாகப் பரவிய முறை என்று பின்னாளில் அறிந்துகொண்டேன். அவரே திக்குவாயால் அவதிப்பட்டவர். அந்த முறையில் இருக்கிற பொறுமைக்குக் காரணம் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ககரம் வந்த கதையைச் சொல்ல வேண்டும். அக்கா ஒரு ஐஸ் குச்சியை வெந்நீரில் போட்டு எடுத்து, என் நாக்கு நுனியைக் கீழ்ப்பல்லுக்குப் பின்னால் மெதுவாக அழுத்திப் பிடித்துக்கொண்டு, "இப்ப தா சொல்லு" என்றார். நுனி எழும்ப முடியவில்லை. அதற்குப் பதில் நாக்கின் பின்பக்கம் எழும்பியது. வந்த சத்தம் தாவும் இல்லை, காவும் இல்லை. இருமல் மாதிரி ஒன்று. "அதுதான், அதேதான்" என்றார். என்னைப் பாயில் மல்லாந்து படுக்கவைத்தார். படுத்தால் நாக்கு தன் கனத்தாலேயே பின்னால் சரியும். மோட்டைப் பார்த்துக்கொண்டு தண்ணீரில்லாமலே கொப்பளிக்கச் சொன்னார். தொண்டை ஓரம் என்னவோ உரசியது. அந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள் என்றார். அக், உக், ஓக் என்று உயிரெழுத்துக்குப் பின்னால் மெய்யை நிறுத்திப் பழகினோம். முதலில் குச்சியோடு. பிறகு என் விரலோடு. பிறகு ஒன்றுமில்லாமல், சின்னக் கண்ணாடியில் என் வாயையே பார்த்துக்கொண்டு. ஒரு சாயங்காலம் அக் என்பதற்குப் பின்னால் ஒரு கா தானாக வந்து ஒட்டிக்கொண்டது. நான் முதன்முதலாகச் சரியாகச் சொன்ன சொல் அக்கா. அவர் என்னைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குள் ஓடி, தன் அம்மாவிடம் சொல்லச் சொன்னார்.

அதோடு முடிந்துவிடவில்லை. தமிழில் ககரம் ஓரெழுத்துதான். ஆனால் கல்லில் ஒரு மாதிரி, தங்கத்தில் ஒரு மாதிரி, முகத்தில் ஒரு மாதிரி ஒலிக்கும். ஒவ்வொன்றையும் தனியே பிடிக்க வேண்டியிருந்தது. தங்கம் ரொம்ப நாள் தந்தமாகவே இருந்தது. நடுவில் எல்லாம் தலைகீழானது: தண்ணியைக் கண்ணி என்றேன், தாத்தா படத்தைக் காட்டி காக்கா என்றேன். அம்மா பயந்துபோனாள். அக்காவுக்கோ சந்தோஷம். புது வழி கண்ட நாக்கு கொஞ்ச நாள் எல்லாவற்றுக்கும் அதே வழியில்தான் போகும், தானே திரும்பிவரும் என்றார். அப்படியே நடந்தது.

வீட்டுக்கு அவர் வைத்த சட்டம் எனக்கு மிகவும் பிடித்தது. யாரும் என்னைத் திருத்தக் கூடாது. நான் தப்பாகச் சொன்னால், அவர்கள் பதில் சொல்வது போலச் சரியாகச் சொல்ல வேண்டும். "அம்மா, தரண்டி" என்றால் "கரண்டியா? இந்தா, பெரிய கரண்டி" என்பாள். ஆச்சியும் இதை அழகாகச் செய்தாள். வசம்பு வேண்டாம் என்று அக்கா சொன்னதையும் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டாள்.

பாளையங்கோட்டைக்குப் பெரும்பாலும் ரயிலில்தான் போவோம். ரயில் நிலையங்களையே அம்மா பாடமாக்கிவிட்டாள். ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு ககரம் உண்டு. செய்துங்கநல்லூரிலும் பாளையங்கோட்டையிலும் ஙகரத்தோடு சேர்ந்து வருகிறது. எல்லாவற்றிலும் கடினம் தாதன்குளம்தான். தகரம் இரண்டு வரிசையாக வந்து, உடனே நாக்கு பின்னால் ஓட வேண்டும். வண்டி அங்கே நிற்கிற நேரத்துக்குள் நான் சொல்லிவிட வேண்டும் என்று எங்களுக்குள் ஒப்பந்தம். எதிர்ச் சீட்டில் இருப்பவர்களும் சேர்ந்துகொள்வார்கள். யாரும் சிரித்ததாக ஞாபகமில்லை.

ஒருநாள் அப்பா, "இவன் பளம் பளம்ங்கான், அதையும் சரி பண்ணிருங்க" என்றார். அக்கா மறுத்தார். "ஊரே பளம்ங்குது, அண்ணாச்சி. நீங்களும் இப்ப அப்படித்தான் சொன்னீங்க. அது ஊர்ப் பேச்சு, குறை இல்லை." ஊரின் பேச்சைக் குறையென்று பார்க்காத அந்தத் தெளிவு பெரிய விஷயம். வட்டார வழக்கையும் உச்சரிப்புக் கோளாறையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு பிள்ளைகளைத் திட்டும் ஆசிரியர்களை நான் இன்றும் பார்க்கிறேன்.

கல்லூரியில் தொல்காப்பியம் நடத்தும்போது பிறப்பியல் வந்தது. நாக்கின் அடிப்பகுதி அண்ணத்தின் அடிப்பகுதியைச் சேரக் ககரம் பிறக்கும். நுனி பரந்து மேல்பல்லின் அடியைச் சேரத் தகரம் பிறக்கும் என்று ஆசிரியர் விளக்கிக்கொண்டு போனார். மற்றவர்கள் மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள். எனக்கு வாயில் ஐஸ் குச்சியின் மரச்சுவை வந்தது. ஒவ்வோர் ஒலிக்கும் நாக்கு எங்கே நிற்க வேண்டும் என்று இவ்வளவு துல்லியமாக எழுதிவைத்த மொழியில், பள்ளிக்கூடத்தில் ஒருவருமே என்னிடம் அந்த இடத்தைக் காட்டவில்லையே என்று அன்று துக்கமாக இருந்தது. நூற்பா பரீட்சைக்குப் போய்விட்டது, வாய்க்கு வரவில்லை.

ககரத்துக்குப் பதில் தகரம் வருவது மூன்றரை, நான்கு வயதுக்குள் பெரும்பாலான பிள்ளைகளிடம் தானாக மறைந்துவிடும். நாலு வயதில் பிள்ளை பேசுவது வெளியாளுக்கும் பெரும்பாலும் புரிய வேண்டும். புரியவில்லை என்றால் காதைச் சோதிக்க வேண்டும், பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்ட வேண்டும். 2013இல் தொடங்கிய மத்திய அரசின் சிறார் நலத் திட்டத்தில் செவித்திறன் குறை, அண்ணப் பிளவு, பேசத் தாமதமாவது எல்லாம் பரிசோதனைப் பட்டியலில் இருக்கின்றன. அதற்கென மாவட்ட அளவில் மையங்களும் உண்டு. சொந்தக்காரர்கள் யாராவது "தானா சரியாயிடும்" என்று சொல்லும்போதெல்லாம் நான் வயதைக் கேட்கிறேன். மூன்று என்றால் பொறுக்கச் சொல்வேன். ஐந்து என்றால் மறுநாளே கிளம்பச் சொல்வேன்.

அக்காவின் கடைசிப் பாடம் தெருவில் நடந்தது. அறைக்குள் சரியாகச் சொல்லும் பிள்ளை வெளியே போனதும் பழைய வழிக்குத் திரும்பிவிடும் என்பது அவருக்குத் தெரியும். கையில் காசைக் கொடுத்து, முக்குக் கடைக்கு என்னைத் தனியே அனுப்பினார். சீட்டு கிடையாது. கருப்பட்டி, கற்கண்டு, கடலை மிட்டாய். கடைக்காரருக்கு என்னைத் தெரியாது. நான் சொன்னேன். அவர் "என்னது?" என்று கேட்கவில்லை. கருப்பட்டியை நிறுத்தார், கற்கண்டைப் பொட்டலம் கட்டினார், மிட்டாயை எண்ணிப் போட்டார், பாக்கிச் சில்லறையைக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தார். நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். "வேற என்னலே வேணும்?" என்றார். ஒன்றும் வேண்டாம் என்று ஓடிவந்தேன்.

அன்றைக்கு ராஜா என்பதை இன்னும் லாஜா என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா அதைக் கேட்டபோது, ரகரம் எல்லாருக்கும் பிந்தித்தான் வரும், அவசரப்பட வேண்டாம், எட்டு வயசிலும் வராவிட்டால் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார் அக்கா. இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது அது தானாக வந்துவிட்டது. அம்மா அதை ஒரு கார்டில் எழுதி அவருக்குப் போட்டாள்.