இருவருக்கும் ஒரே மதிப்பெண்

2010 நவம்பரில் சீனாவின் குவாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில்தான் ரோலர் ஸ்கேட்டிங்கை முதன்முதலாகச் சேர்த்தார்கள். அந்த முதல் தடவையிலேயே கலை ஸ்கேட்டிங் ஜோடிப் பிரிவில் இந்தியாவுக்கு வெண்கலம் கிடைத்தது. வாங்கியவர்கள் அனூப் குமார் யாமா, அவனி பாஞ்சால். அனூப் ஹைதராபாத்காரர். அதே போட்டியில் ஆண்கள் தனிப்பிரிவிலும் அவருக்கு ஒரு வெண்கலம் உண்டு. 2015இல் அர்ஜுனா விருதும் கொடுத்தார்கள். எங்கள் தேனிப் பக்கம் இந்த இரண்டு பெயரையும் சொன்னால் யாரென்று கேட்பார்கள். ஸ்கேட்டிங் பழகும் பிள்ளைகளுக்கே தெரியாது. எனக்கு இது ஆறாத குறை.

அவர்கள் ஆடியது சக்கரத்தில். பனித்தளத்தில் ஆடும் ஜோடி ஸ்கேட்டிங்கை நான் பல வருஷமாக விடாமல் பார்த்து வருகிறேன். குளிர்கால ஒலிம்பிக் நடக்கும்போது நடுராத்திரி ஆனாலும் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். கம்பம் பள்ளத்தாக்கில் இருந்துகொண்டு இது என்ன ஆசை என்று வீட்டில் கேட்பார்கள். பார்த்தவர்களுக்குத்தான் அது புரியும்.

ஒரு ஆண், ஒரு பெண். ஆண் தன் ஜோடியைத் தலைக்கு மேலே ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு முழு வேகத்தில் போவார், தானும் சுற்றிக்கொண்டே. இடுப்பைப் பிடித்து மேலே எறிந்தால் அந்தப் பெண் காற்றில் மூன்று சுற்றுச் சுற்றி மறுபடி அவர் கைக்கே வர வேண்டும். இன்னொரு வகையில் எறிந்து விட்டுவிடுவார். பெண் எட்டத்தில் போய், பின்பக்கமாக, ஒற்றைக் காலில் இறங்க வேண்டும். மரணச் சுழல் என்று ஒன்று இருக்கிறது. ஆண் ஒரு காலை ஊன்றி அச்சாக நிற்க, அவர் கையை மட்டும் பிடித்தபடி, தலை பனியைத் தொடும் அளவுக்குச் சாய்ந்து பெண் வட்டமடிப்பார். இத்தனையும் தலைக்கவசம் இல்லாமல், காலில் கத்திபோல் ஒரு இரும்பை மாட்டிக்கொண்டு. முடிந்ததும் நடுவர்கள் போடும் மதிப்பெண் இருவருக்கும் சேர்த்து ஒன்றுதான். யார் சறுக்கினார், யார் தாங்கினார் என்று பிரித்துக் கொடுப்பதில்லை.

அந்த ஒரே மதிப்பெண்ணுக்குள் என்னவெல்லாம் இருக்கிறது என்பதை நான் 2004இல் நடந்த ஒரு விபத்திலிருந்து தெரிந்துகொண்டேன். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் அக்டோபர் மாதம் ஒரு போட்டி. ரஷ்யாவின் தத்தியானா தோத்மியானினா, மாக்சிம் மரினின் ஜோடி அப்போது உலகச் சாம்பியன்கள். மரினின் தன் ஜோடியைத் தலைக்கு மேல் தூக்கிப் போய்க்கொண்டிருந்தவர் தடுமாறி விழுந்தார். தோத்மியானினா அந்த உயரத்திலிருந்து தலை அடிபட பனியில் விழுந்து அசைவில்லாமல் கிடந்தார். ஸ்ட்ரெச்சரில்தான் கொண்டுபோனார்கள். எலும்பு எதுவும் உடையவில்லை. மூளை அதிர்ச்சி மட்டும். அவர் கொஞ்ச நாளில் தேறிப் பயிற்சிக்கு வந்துவிட்டார். விழுந்தது அவருக்கு நினைவிலேயே இல்லை. மரினினுக்கு எல்லாம் நினைவிருந்தது. மறுபடி தூக்கக் கை வரவில்லை. உளவியல் நிபுணரிடம் போய்த்தான் அந்தப் பயத்தைக் கடந்தார். அடுத்த மார்ச்சில் மாஸ்கோவில் மறுபடி உலகப் பட்டம், 2006இல் டூரின் ஒலிம்பிக்கில் தங்கம்.

விழுந்தவரின் துணிச்சலைப் பற்றி நிறைய எழுதினார்கள். நியாயம்தான். நான் அதிகம் யோசித்தது மரினினைப் பற்றி. தன் உடம்பில் அடி பட்டால் பொறுத்துக்கொள்ளலாம், மருந்து போட்டுக்கொள்ளலாம். தன் கையிலிருந்து இன்னொருவர் விழுந்ததை என்ன செய்வது? மறுநாள் அதே கையை நீட்ட வேண்டும், அவரும் நம்பி ஏற வேண்டும். ஜோடி ஸ்கேட்டரின் வாழ்க்கையில் மிகக் கடினமான வேலை இதுதான் என்று நினைக்கிறேன்.

அதே டூரினில் சீனாவின் ஜாங் டான், ஜாங் ஹாவ் வந்தார்கள். குடும்பப் பெயர் ஒன்றானாலும் உடன்பிறந்தவர்கள் அல்ல. ஆட்டத்தின் தொடக்கத்திலேயே, ஒலிம்பிக்கில் யாரும் செய்து முடிக்காத நான்கு சுற்று எறிதலை முயன்றார்கள். ஜாங் டான் கால் இரண்டும் அகன்று விழுந்தார், முழங்கால் பிசகிவிட்டது. இசை நின்றது. சில நிமிஷம் கழித்துத் திரும்பி வந்து, மிச்ச ஆட்டத்தை முடித்து வெள்ளி வாங்கினார். உலகமே கைதட்டியது. நான் அந்த வீடியோவை இன்றைக்குப் பார்த்தாலும் முழு மனசோடு கைதட்ட முடியவில்லை. இருபது வயதுப் பெண், அந்தக் காலோடு ஆடியிருக்கக் கூடாது, யாராவது நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் தனி ஆட்டக்காரர் நிறுத்திக்கொண்டால் போவது தன் பதக்கம் மட்டும். ஜோடியில் ஒருவர் நிறுத்தினால் பக்கத்தில் நிற்பவரின் நாலு வருஷ உழைப்பும் போகிறது. அந்தப் பாரம் மனசில் இருக்கும்போது வலிக்கிறது என்று சொல்ல வாய் வருமா?

அந்த ஒலிம்பிக்கில் இரண்டு, மூன்று, நான்கு ஆகிய இடங்கள் சீன ஜோடிகளுக்குக் கிடைத்தன. மூன்று ஜோடிக்கும் பயிற்சியாளர் ஒருவரே, யாவ் பின். அவர் தன் ஜோடி லுவான் போவுடன் 1980இல் ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகரில் உலகப் போட்டிக்குப் போனவர். சொல்லிக் கொடுக்க ஊரில் ஆள் இல்லாததால் புகைப்படங்களைப் பார்த்துப் பழகிக்கொண்டு போனார்கள். கடைசி இடம். பார்த்தவர்கள் சிரித்தார்கள். 1964 முதல் ஒவ்வொரு ஒலிம்பிக்கிலும் ஜோடிப் பிரிவுத் தங்கம் சோவியத் ஜோடிக்கோ, சோவியத் வழிவந்த ஜோடிக்கோதான் போய்க்கொண்டிருந்தது. 2010இல் வான்கூவரில் அதை முறித்த ஷென் ஷுயே, ஜாவ் ஹோங்போ இருவரும் யாவ் பின் வளர்த்த பிள்ளைகள். ஷென்னுக்கு அப்போது 31 வயது, ஜாவுக்கு 36, கணவன் மனைவி.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஜோடி சேர்வதன் நுணுக்கத்தைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. கூடலூர், சின்னமனூர், தேவாரம் வட்டாரத்தில் திருவிழா என்றால் இரட்டை மாட்டுவண்டி எல்கைப் பந்தயம் வைப்பார்கள். பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு, தேன்சிட்டு, தட்டான்சிட்டு என்று தரம் பிரித்து ஓட்டுவது வழக்கம். ஒரு ஊர்க்காரர் மாட்டோடு இன்னொரு ஊர்க்காரர் மாட்டை ஜோடி போட்டும் இறக்குவார்கள். விடிகாலையில் தார் ரோட்டில் ஓட்டிப் பார்த்து, ஒன்று எட்டு வைக்கும்போது மற்றதும் வைக்கிறதா, திருப்பத்தில் உள்பக்கத்து மாடு அடங்கி ஓடுகிறதா என்று கவனிப்பார்கள். சாரதி ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார்: "ரெண்டும் சூரனா இருந்தாப் பத்தாதுண்ணே. ஒண்ணுக்கு ஒண்ணு எடங்கொடுக்கணும். வேகமா ஓடுற மாடு கொஞ்சம் அடங்கலேன்னா வண்டி ரோட்டை விட்டு எறங்கிரும்."

பனித்தளத்திலும் அப்படித்தான். அருகருகே இருவரும் ஒரே நொடியில் எகிறி, ஒரே நொடியில் இறங்க வேண்டும்; திறமைசாலி தனக்கு வந்த வேகத்தில் எகிறினால் இருவருமே தோற்றுப்போவார்கள். இப்படிப் பொருந்தும் ஆள் கிடைக்க வேண்டுமென்று நாடு விட்டு நாடு தேடுகிறார்கள். உக்ரைனில் பிறந்து ஜெர்மனிக்கு ஆடிய அல்யோனா சாவ்செங்கோ, ராபின் ஷோல்கோவியுடன் ஐந்து உலகப் பட்டங்களும் இரண்டு ஒலிம்பிக் வெண்கலமும் வாங்கிய பிறகு, பிரான்ஸ்காரரான புரூனோ மசோவோடு சேர்ந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினார். மசோ ஜெர்மன் குடியுரிமைக்காக மொழித் தேர்வு எழுதி, தவறி, மறுபடி எழுதித் தேற வேண்டியிருந்தது. 2018இல் பியோங்சாங் ஒலிம்பிக்கில் முதல் நாள் குறுகிய ஆட்டத்தில் மசோ ஒரு தாவலில் ஒரு சுற்றைக் குறைத்துவிட்டார், நான்காம் இடம். மறுநாள் நீண்ட ஆட்டத்தில் 159.31, அப்போதைய உலகச் சாதனை. தங்கம். சாவ்செங்கோவுக்கு அது ஐந்தாவது ஒலிம்பிக், வயது 34. முந்தின நாள் தவறியவரை அவர் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தால் அந்த 159 வந்திருக்காது.

ஜோடியில் ஒருவர் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு எகடெரினா கோர்தியேவா ஒருவர் போதும். சின்னப் பெண்ணாக இருக்கும்போதே மாஸ்கோவில் செர்கேய் கிரின்கோவோடு சேர்த்துவிட்டார்கள். 1988, 1994 இரண்டு ஒலிம்பிக் தங்கம், நடுவில் கல்யாணம், ஒரு மகள். 1995 நவம்பர் 20 அன்று பயிற்சியின்போது கிரின்கோவ் மாரடைப்பால் இறந்தார். வயது 28. மறு பிப்ரவரியில் அவர் நினைவாக நடந்த நிகழ்ச்சியில் கோர்தியேவா தனியாக ஆடினார். அதைப் பற்றி மேலே எழுத எனக்கு மனம் வரவில்லை.

இதையெல்லாம் நான் எழுதுவதற்குக் காரணம் என் அண்ணன் மகள். தேனியில் ஒரு பள்ளி வளாகத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்கேட்டிங் வகுப்பு. வெயில் ஏறினால் சிமெண்டுத் தரை சுட்டுவிடும் என்று ஆறு மணிக்கே தொடங்கிவிடுவார்கள். மாஸ்டர் முதலில் தென்னந்துடைப்பத்தால் தரையைக் கூட்டுவார். ஒரு சின்னக் கல் சக்கரத்தில் மாட்டினாலும் பிள்ளை குப்புற விழும். சனிக்கிழமை சாயங்காலம் அவள் சக்கரத்தைக் கழற்றி, பேரிங்கைப் பெட்ரோலில் ஊறப்போட்டு, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, ஒவ்வொன்றையும் காதருகே வைத்துச் சுழற்றிச் சத்தம் கேட்பாள். வளைவில் இடதுகாலுக்கு மேல் வலதுகாலைப் போட்டுக் குனிந்து போகும் அழகை நாள் முழுக்கப் பார்க்கலாம். பழகியது வேகப் போட்டிக்கு. வகுப்பு முடிந்த பிறகு பிள்ளைகள் விளையாட்டாகக் கைகோத்துச் சுற்றுவார்கள். அவளும் அவள் வகுப்புப் பையன் ஒருவனும் கையைப் பிடித்துப் பின்னோக்கிச் சுற்றிக் காட்டியதைப் பார்த்து நான் அசந்துபோனேன். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, இருவருக்கும் கால் ஒன்றாகவே விழுந்தது.

அவளுக்குப் பதிமூன்று வயது ஆனதும் வகுப்பு நின்றது. "பெரியவளாயிட்டா. இனிமே பயக கூடக் கையைப் பிடிச்சுச் சுத்துனா தெருவுல என்ன பேசுவாக?" என்றார் மதினி. மதினி கெட்ட மனசுக்காரர் இல்லை. காய்ச்சலோடு கூட மகளை வண்டியில் வைத்து வகுப்புக்குக் கொண்டுபோனவர். தெருவுக்குப் பயப்படுகிறார், அவ்வளவுதான். "சேர்ந்து விளையாடுறதுல என்ன மதினி தப்பு?" என்று கேட்டேன். "உங்களுக்கென்ன கொழுந்தனாரே, சொல்லிட்டுப் போயிருவீக" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை.

நம் பக்கம் பனித்தளம் இல்லை என்று காரணம் சொல்வார்கள். உண்மைதான். 2011இல் தெற்காசிய குளிர்கால விளையாட்டுக்காக டேராடூனில் கட்டிய தளமே பல வருஷம் பூட்டிக் கிடந்தது. ஆனால் அனூப்பும் அவனியும் பதக்கம் வாங்கியது பனியில் இல்லை, சக்கரத்தில். 2025இல் சீனாவில் நடந்த உலகப் போட்டியில் ஆயிரம் மீட்டரில் தங்கம் வாங்கினாரே சென்னை ஆனந்த்குமார் வேல்குமார், அவரும் சக்கரத்தில்தான். வழவழப்பான சிமெண்டுத் தரை தேனியிலும் உண்டு, கம்பத்திலும் உண்டு. ஒரு பையன் நீட்டும் கையை ஒரு பெண் விளையாட்டுக்காகப் பிடிப்பதை நாம் அனுமதிக்கவில்லை. ஜோடி ஸ்கேட்டிங் இங்கே வராததற்கு அதுவே முதல் காரணம்; பனி இரண்டாவது.

நிறுத்திவிட்டுத் திரும்பியவர்களும் உண்டு. அமெரிக்காவில் பிறந்த டியானா ஸ்டெல்லாடோ இடுப்புக் காயத்தால் பதினேழு வயதில் ஸ்கேட்டிங்கை நிறுத்தினார். பதினாறு வருஷம் கழித்து ஜோடி ஆட்டக்காரராகத் திரும்பி, கனடாவின் மாக்சிம் தெஷாமோடு 2024இல் உலகப் பட்டம் வாங்கியபோது அவருக்கு வயது 40. அப்படித் திரும்ப எல்லோராலும் முடியாது. எங்கள் பெண் ஸ்கேட்டை அட்டைப்பெட்டியில் போட்டுப் பரணில் வைத்துவிட்டாள். அவள் காலும் வளர்ந்துவிட்டது.

மகள் இருக்கும் பெற்றோரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்களுக்குப் பயம் இருந்தால் கூடவே போங்கள். மைதானத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு வகுப்பு முடியும்வரை உட்காருங்கள். மாஸ்டரிடமும் அந்தப் பையனின் அம்மா அப்பாவிடமும் பேசிப் பழகுங்கள். தெருவில் யாராவது கேட்டால் என் பிள்ளை விளையாடுகிறாள் என்று நீங்களே பதில் சொல்லுங்கள். பிள்ளையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.