உளி வாங்கப் போகும் தெருக்கள்

சென்னையில் மரவேலைக் கருவிகளுக்கென்றே இருக்கும் கடை எது என்று தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் என்னிடம் கேட்கிறார்கள். நான் கடைப் பெயர் சொல்வதில்லை, தெருப் பெயர்களைச் சொல்கிறேன். இந்த ஊரில் எல்லாம் ஒரே கூரைக்கடியில் கிடைக்காது. உளி ஒரு தெருவில் இருக்கும், தீட்டுகல் இன்னொரு தெருவில், பலகை வேறொரு பேட்டையில். எதற்கு எங்கே போவது என்று தெரிந்துவிட்டால், ஒரு பட்டறைக்கு வேண்டியதில் பெரும்பங்கு பாரிமுனைக்கும் பெரியமேட்டுக்கும் நடுவே நடந்தே வாங்கிவிடலாம்.

முதலில் ஹார்டுவேர் கடைக்கும் டூல்ஸ் கடைக்கும் உள்ள வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். கீல், தாழ்ப்பாள், கைப்பிடி, ஆணி, ஸ்க்ரூ விற்பது ஹார்டுவேர் கடை. அங்கேயும் உளி தொங்கும், ஆனால் வீட்டில் எப்போதாவது எடுத்துப் பயன்படுத்துகிறவருக்கான உளி அது. நமக்கு வேண்டியது டூல்ஸ் கடை. லிங்கிச் செட்டித் தெரு, செம்புதாஸ் தெரு, அங்கப்ப நாயக்கன் தெரு என்று ஜார்ஜ் டவுனுக்குள் நுழைந்தால் அப்படிப்பட்ட கடைகள் உண்டு. அவற்றில் பல, தொழிற்சாலைகளை நம்பி நடப்பவை. முகப்பில் டிரில் பிட்டும் ஸ்பேனரும் வைஸும்தான் தெரியும். மரவேலைக்கு உள்ளே ஓர் அலமாரிதான் ஒதுக்கியிருப்பார்கள். வெளியே பார்த்துவிட்டு இங்கே இருக்காது என்று நகர்ந்துவிடக் கூடாது. படியேறிக் கேட்க வேண்டும்.

கேட்பதற்கும் முறை உண்டு. "உளி இருக்கா அண்ணே" என்றால் முன்னால் கிடப்பதை எடுத்துப் போடுவார். "அரை இஞ்சு, பக்கம் சரிச்சது, அடிச்சு வேலை செய்யணும், பிடியில் வளையம் இருக்கணும்" என்று சொன்னால் உள்ளே ஆள் அனுப்புவார். எந்த மரம், என்ன வேலை என்று திருப்பிக் கேட்கிற கடைக்காரர் கிடைத்தால் அந்தக் கடையை விட்டுவிடாதீர்கள். அந்த ஒரு கேள்வியே அவர் தொழில் தெரிந்தவர் என்று காட்டிவிடும். ஞாயிற்றுக்கிழமை அந்தத் தெருக்களில் பெரும்பாலும் கதவு சாத்தியிருக்கும். வார நாளில் கடை திறந்த முதல் மணி நேரத்தில் போனால் நிதானமாகப் பேச முடியும்.

ஒரு கடை நல்ல கடைதானா என்று பார்க்க நான் கேட்கும் பொருள் ரம்பத்துக்குப் பல் தீட்டும் முப்பட்டை அரம். இப்போது பரவலாக விற்கும் கைரம்பங்களில் பல் நுனி மட்டும் கருநீலமாக இருக்கும். நுனியை மின்சாரத்தால் சூடேற்றிக் கடினமாக்கியதன் அடையாளம் அந்த நிறம். பல நாள் கூர் நிற்கும், ஆனால் அதில் அரம் ஏறாது. மழுங்கினால் தூக்கிப் போட வேண்டியதுதான். பல் முழுக்க ஒரே நிறமாக இருக்கும் பழைய வகை ரம்பத்தைத்தான் நாமே தீட்டி ஆண்டுக்கணக்கில் வைத்துக்கொள்ள முடியும். பல்லுக்கு ஏற்ற அளவில் மெல்லிய முப்பட்டை அரம் வைத்திருக்கும் கடை, கருவியைப் பராமரிக்கும் ஆட்களை இன்னும் மதிக்கும் கடை. அங்கே மற்றவையும் நன்றாகவே இருக்கும்.

வாங்கும்போது சோதித்து வாங்குவது நம் உரிமை. நல்ல கடைக்காரர் அதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. ஓர் இரும்பு ஸ்கேல், பென்சில், நேர்விளிம்புள்ள சிறு பிளைவுட் துண்டு மூன்றும் பையில் இருந்தால் போதும். மூலைமட்டத்தைப் பலகை விளிம்பில் அணைத்து ஒரு கோடு போடுங்கள். மட்டத்தைப் புரட்டி, அதே புள்ளியிலிருந்து மறுபடி போடுங்கள். இரண்டு கோடும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் மட்டம் சரி. விலகினால், தெரியும் விலகல் உண்மையான பிழையைப் போல இரண்டு மடங்கு. அதனால் கண்ணுக்குத் தப்பாது. உளிக்கு முதுகுதான் முக்கியம். கூர் முனையை ஒட்டிய ஓர் அங்குலம் ஸ்கேலில் ஒட்டி உட்கார வேண்டும். நடுவில் லேசான பள்ளம் இருந்தால் கல்லில் சரிசெய்துவிடலாம். நடு மேடாக இருந்தால் கல்லில் வைக்கும்போது ஆடும், வாங்க வேண்டாம். இழைப்புளிக்கு அடிப்பலகையைக் குறுக்கிலும் மூலைக்கு மூலையும் ஸ்கேல் வைத்து, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்க்க வேண்டும். வாய்க்கு முன்னால் பள்ளமாக இருந்தால் சீவல் மெல்லிசாக வராது.

கருவி வாங்குவதோடு வேலை முடியவில்லை, தீட்டத்தான் பாதி உயிர் போகும். அதற்கும் இந்த ஊரில் வழி இருக்கிறது. 1954-இல் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனம் திருவொற்றியூரில் சாணைச் சக்கரங்கள் தயாரிக்கிறது. ஒரு பக்கம் கரடும் மறு பக்கம் நைசுமான தீட்டுகல் டூல்ஸ் கடைகளில் கேட்டவுடன் கிடைக்கும். உளியை 25 டிகிரிக்குச் சரித்து, நுனியில் மட்டும் 30 டிகிரிக்குத் தீட்டினால் தேக்குக்கும் வேம்புக்கும் தாங்கும். கடைசியாகப் பிசிர் எடுக்கத் தோல் வேண்டும். அதற்குப் பெரியமேடு. தோல் வியாபாரத்துக்குப் பேர்போன இடம் அது. தடித்த மாட்டுத்தோலில் ஒரு துண்டு வெட்டி வாங்கி, பலகையில் ஒட்டி, பாலிஷ் பேஸ்ட் தடவிக்கொண்டால் போதும்.

பெரியமேட்டுக்குப் போனவர் சைடன்ஹாம்ஸ் சாலையையும் பார்த்துவிட வேண்டும். பிளைவுட், வெனீர், பசை, கேபினட் பொருத்துகள் வரிசையாக இருக்கும். ரூட்டர் பிட் வாங்குவதென்றால் உங்கள் மெஷினில் பிட்டைப் பிடிக்கும் கொலெட் கால் இஞ்சா, அரை இஞ்சா, எட்டு மில்லிமீட்டரா என்று பார்த்து எழுதிக்கொண்டு போங்கள். கிட்டத்தட்டப் பொருந்துகிறது என்று மாட்டி ஓட்டுவது உயிருக்கே ஆபத்து. சென்ட்ரல் ஸ்டேஷனை ஒட்டிய வால்டாக்ஸ் சாலையில் மரவாடிகள் இருக்கின்றன. அங்கே அறுப்பு மெஷினில் நிற்பவரிடம், "பிளேடு எங்கே சாணை பிடிக்கறீங்க?" என்று கேளுங்கள். நாள் முழுக்க மரம் அறுப்பவர் சொல்லும் இடம் தப்பாது.

பழைய கருவிக்குப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை. பழைய ஸ்டான்லி இழைப்புளிகள் சில நேரம் அங்கே வரும். அமெரிக்காவில் லெனார்ட் பெய்லி செய்த அமைப்பு அது. அவருடைய காப்புரிமைகளை 1869-இல் ஸ்டான்லி நிறுவனம் வாங்கியது. பிளேடு 45 டிகிரியில் சாய்ந்து உட்காரும் அதே அமைப்பில்தான் இன்றும் இந்தியாவில் வார்க்கிறார்கள். துரு மேலாக இருந்தால் பயமில்லை, தேய்த்தால் போய்விடும். பிளேடின் முதுகில் துரு குழி விழுந்திருந்தால் அந்த பிளேடு உதவாது. வாய்க்கு இரு பக்கமும் வார்ப்பிரும்பில் விரிசல் இருந்தால் மொத்தமாகவே விட்டுவிடுங்கள்.

எந்தக் கடையிலும் கிடைக்காத உளிகளும் உண்டு. சிற்ப வேலைக்கான வளைவு உளி, ஆழக் குடையும் உளி போன்றவற்றைக் கொல்லரிடம் சொல்லித்தான் செய்ய வேண்டும். லாரிக் கமான் பட்டையிலிருந்து அடித்துத் தரும் உளி, சரியாகப் பதம் வைத்தால், பாக்கெட்டில் வரும் உளிக்குக் குறைந்ததல்ல. வேண்டிய வளைவை அட்டையில் வெட்டிக் கையில் கொடுத்தால் அவருக்கும் குழப்பம் இருக்காது.

இன்று போனிலேயே ஆர்டர் போட்டால் வெளிநாட்டு உளி வீட்டுக்கு வந்துவிடுகிறது. கடையில் இல்லாத பொருளுக்கு நானும் அப்படி வாங்குகிறேன். ஆனால் கையில் எடை பார்க்கவும், பத்து உளியை வரிசையாக வைத்து முதுகு நேராக இருப்பதைப் பொறுக்கவும் கடைப்படி ஏறித்தான் ஆக வேண்டும். பிளைவுட்டும் பவர் டூலும் பெருகிய பிறகு கைக்கருவி கேட்டு வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். கேட்க ஆளில்லாத சரக்கை எந்த முதலாளியும் இரண்டாம் முறை வாங்கி அடுக்கமாட்டார். ஆகவே தொழிலுக்கு வரும் பிள்ளைகளே, டூல்ஸ் கடைக்குப் போனால் முப்பட்டை அரத்தைப் பேர் சொல்லிக் கேளுங்கள். இருந்தால் ஒன்றுக்கு இரண்டாக வாங்குங்கள். இல்லையென்றால், "வரவழைச்சு வைங்க அண்ணே, வந்து வாங்கிக்கிறேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி போய் வாங்கவும் செய்யுங்கள்.