மருந்துக் கடையில் வாங்கின குட்டு

போன வாரம் பையனுக்கு மூக்கு ஒழுகல், லேசாகக் காய்ச்சல். மும்பையில் மழை ஆரம்பித்தால் வீட்டுக்கு வீடு இதே கதைதான். செம்பூரில் எங்கள் பில்டிங்குக்குக் கீழேயே மருந்துக் கடை. போன தடவை டாக்டர் எழுதிக் கொடுத்த செஃபிக்ஸிம் சிரப் ஞாபகத்தில் இருந்தது. லுங்கியோடு இறங்கிப் போய்க் கேட்டேன். கடையில் புதுப் பையன். 20 வயசு இருக்கும். "பர்ச்சி ஹை க்யா?" என்றான். இல்லை என்றேன். "நஹி மிலேகா அங்கிள்." மருந்து இல்லை என்றது கூடப் பரவாயில்லை, அங்கிள்தான் வலித்தது :-)

மேலே வந்து வீட்டம்மாவிடம் புலம்பினேன். அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே, "தாராவி மாமா கதை மறந்துபோச்சா?" என்றாள். அதற்கப்புறம் நான் வாயைத் திறக்கவில்லை.

அவள் சொன்ன மாமா என் சித்தப்பா. திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து 1978-இல் தாராவிக்கு வந்து தோல் பட்டறையில் சேர்ந்தவர். எனக்கு இந்த ஊரில் முதல் வேலை கிடைத்தபோது அவர் வீட்டு மச்சில்தான் ஒரு வருஷம் படுத்திருந்தேன்.

2007-இல் அவருக்கு விடாத இருமல். சந்து முனை டாக்டர் ஒருத்தர் கலர் கலராக மாத்திரை கொடுத்தே இரண்டு மாதம் ஓட்டினார். கடைசியில் சளியைச் சோதித்தபோது டி.பி. அரசாங்க மையத்தில் மருந்து இலவசம். ஒவ்வொரு நோயாளிக்கும் பெயர் எழுதின தனிப் பெட்டி, 6 மாத மாத்திரையும் அதற்குள். முதல் இரண்டு மாதம் ஒன்றுவிட்டு ஒரு நாள் போய், அவர்கள் கண் முன்னால் விழுங்க வேண்டும். சித்தப்பா ஒழுங்காகத்தான் போனார். இரண்டாம் மாத முடிவில் இருமல் நின்றுவிட்டது, உடம்பு தேறிவிட்டது.

அப்போதுதான் ஊரில் கோவில் கொடை வந்தது. சித்தி என்னிடம் கேட்டாள், "மாத்திரைக்கு என்னய்யா செய்ய?" நான்தான், படித்தவன், சொன்னேன்: "அதான் சரியாயிட்டுல்லா சித்தி, வந்து சாப்ட்டுக்கிடலாம்." ரயில் டிக்கெட்டும் நான்தான் போட்டேன். போனவர் அஞ்சு வாரம் தங்கினார். திரும்பி வந்தும் மையத்துக்குப் போகவில்லை. அரை நாள் கூலி போகிறது, வயிறு எரிகிறது என்றார். நானும் வற்புறுத்தவில்லை.

இதில் என்ன தப்பு என்று அப்போது எனக்கு உண்மையிலேயே தெரியாது. ஆன்டிபயாடிக் என்றால் பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து, அவ்வளவுதான் என் அறிவு. டி.பி. கிருமி சோம்பேறி. ஒன்று இரண்டாகப் பெருகவே கிட்டத்தட்ட 20 மணி நேரம் எடுத்துக்கொள்ளும். சிலது உள்ளே தூங்கிக் கிடக்கும். கோடிக்கணக்கான கிருமியில் ஏதோ ஒன்றிரண்டு ஒரு மருந்துக்கு மசியாததாக இருக்கும். அதனால்தான் ஒரே சமயத்தில் நாலு மருந்து. காய்ச்சல் போனால் பெரும்பாலானது செத்தது என்று அர்த்தம், எல்லாம் செத்தது என்று இல்லை. அரைகுறையாய் மருந்து தின்றால் மசிந்தது சாகும், மசியாதது தங்கிப் பெருகும்.

இதைப் பெனிசிலின் கண்டுபிடித்த ஃபிளெமிங்கே 1945-இல் நோபல் உரையில் சொல்லிவிட்டார். ஒருத்தர் தொண்டை வலிக்குத் தானே வாங்கிப் போதாமல் சாப்பிடுகிறார், மருந்துக்கு அடங்காத கிருமி மனைவிக்குத் தொற்றுகிறது, அந்தம்மாவைப் பெனிசிலினால் காப்பாற்ற முடியவில்லை என்று ஒரு கற்பனைக் கதை. படித்தபோது எனக்குக் கற்பனையாக இல்லை.

2010-இல் சித்தப்பாவுக்கு இருமல் திரும்பி வந்தது. இந்த முறை ஐசோனியசிட், ரிஃபாம்பிசின் இரண்டுமே கேட்கவில்லை. இரண்டு வருஷ வைத்தியம். அதில் முதல் சில மாதம் கனமைசின் ஊசி. நாலாம் மாதம் காதில் வண்டு ரீங்காரம் போடுகிறது என்றார். அப்புறம் அந்த வண்டும் கேட்கவில்லை. நல்லவேளை, சித்திக்குத் தொற்றவில்லை.

2012 ஜனவரியில் மாஹிமில் இருக்கும் ஹிந்துஜா ஆஸ்பத்திரி டாக்டர் சரிர் உத்வாடியா குழு, சோதித்த எந்த மருந்துக்கும் கட்டுப்படாத டி.பி. 4 பேருக்கு இருப்பதாக எழுதியது உலகச் செய்தி ஆனபோது, ஆபீஸ் கேன்டீனில் எல்லோரும் அதைப் பேசினார்கள். நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது. கடைப் பையன் என்னைத் துரத்தியது 2014 மார்ச்சில் அமலுக்கு வந்த ஷெட்யூல் ஹெச்1 விதிப்படி. டி.பி. மருந்துகளும் செஃபிக்ஸிமும் அந்தப் பட்டியலில். விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர் எல்லாம் ரிஜிஸ்டரில் ஏற்ற வேண்டும். கனமைசினுக்குப் பதில் பெடாகுவிலின் என்று மாத்திரை வந்துவிட்டது. அதன் காப்புரிமையை நீட்டக் கூடாது என்று மனுப் போட்ட இருவரில் ஒருவர் நம் மும்பைப் பெண் நந்திதா வெங்கடேசன், டி.பி. மருந்தால் காது போனவர். 2023 மார்ச்சில் ஜெயித்தார்கள். 2024-இல் அதே மருந்தைச் சேர்த்து 6 மாதத்தில் முடிகிற வைத்தியத்துக்கு நம் அரசாங்கம் அனுமதி கொடுத்தது. சித்தப்பாவுக்கு இரண்டு வருஷம்!

(கேட்பீர்கள் என்பதால் சோப்பு பற்றியும். 2016-இல் அமெரிக்க எஃப்.டி.ஏ., டிரைக்ளோசான் போட்ட கை சோப்பு சாதா சோப்பை விட உசத்தி என்று நிரூபிக்கப்படவில்லை என்று அதற்குத் தடை போட்டது. எங்கள் வீட்டில் சாதா சோப்புதான்.)

பையனுக்கு வந்தது வைரஸ் சளி. ஆன்டிபயாடிக் அதைத் தொடவே தொடாது. நாலு நாள் மிளகு ரசத்தில் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்காவில் காபிப்பொடி வாங்கிக்கொண்டு அப்படியே தாராவி போனேன். சித்தப்பா சத்தமில்லாமல் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். பையனுக்குக் காய்ச்சல் என்று சித்தி சொல்லியிருப்பாள் போல. காது கேட்காதவர் குரலில், சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி, "ஏலே, பய மாத்திரைய முழுசா முடிச்சானா?" என்றார்.

சிலேட்டை எடுத்து எழுதினேன்: "வெறும் சளி. மாத்திரை கொடுக்கலை." அவர் வாசித்துவிட்டுத் தலையாட்டினார். சிலேட்டை அழித்துவிட்டு, அந்த டிக்கெட் விஷயத்தை எழுதலாமா என்று கொஞ்ச நேரம் குச்சியைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். அதற்குள் சித்தி காபி கொண்டுவந்துவிட்டாள்.