வாலால் வந்த பெயர்

பெயர்களை இடுகுறிப்பெயர் என்றும் காரணப்பெயர் என்றும் நன்னூலார் இருவகைப்படுத்துவர். காரணம் பற்றி வந்த பெயரை ஆராய்ந்தால், பெயர் பெற்றதன் இயல்போடு பெயர் இட்டவரின் நோக்கமும் புலனாகும்.

பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில் புதுச்சேரிக்கு வந்த கப்பல்களுட் பல, மொரீசியசுத் தீவைத் தொட்டே வந்தன. அதற்கு மேற்கே உள்ள பெருந்தீவு மடகாசுகர். பியர் சொன்னெரா என்னும் இயற்கைநூல் அறிஞர் இவ்விரு கரைகளையும் அறிந்தவர். 1782-இல் பாரிசில் வெளிவந்த அவருடைய பயணநூல் இந்திய நாட்டு மக்களையும் மடகாசுகர்க் காட்டு விலங்குகளையும் ஒருங்கே விரித்துரைத்தது. நம் கானங்கோழியின் அறிவியற்பெயரில் அவர் பெயர் இன்றும் நிலைத்திருக்கின்றது.

அத்தீவில் வாலினால் பெயர்பெற்ற விலங்கு ஒன்று உண்டு; அது வரிவால் லெமூர். உடலினும் நீண்ட அதன் வாலில் கருவளையங்கள் 13 அல்லது 14 இருக்கும், இடையிடையே வெண்மை. கூட்டமாகச் செல்லும்போது ஒவ்வொன்றும் வாலைக் கொடிபோல் நிமிர்த்திக்கொள்ளும். புதர் உடலை மறைத்தாலும் வால் மறையாது. பின்வருவன வழி தவறா. ஆண்கள் இரண்டு பகைகொண்டால், மணிக்கட்டில் சுரக்கும் நாற்றநீரை வாலிலே தேய்த்து, எதிரியை நோக்கி வாலை அசைத்து வீசும். பெரும்பாலும் கடியின்றி முடியும் இப்போரைக் கண்டு நகையாதவர் அரியர். இத்துணை ஆரவாரம் செய்யும் ஆண்களும் பெண்களுக்கு அடங்கியே வாழ்கின்றன.

நம் நாட்டுப் புனுகுப்பூனைக்கும் வரிவால் உண்டு. அதில் கருவளையங்கள் 7 முதல் 9 வரை காணலாம். வயலோரங்களிலும் புதர்களிலும் இரவில் இரை தேடும் அதனுடைய வாலைத் தமிழர் பொருட்படுத்தவில்லை, புனுகையே பெயராக்கினர். தொலைவில் நின்று நோக்கியவர்க்கு வால் தெரிந்தது. பிடித்து அடைத்தவர்க்கு மணமே தெரிந்தது போலும்! பூனை என்பதும் பொருந்தாது. அது வேறு குடும்பத்தது. லின்னேயசும் 1758-இல் வரிவால் லெமூருக்குப் பூனை என்னும் பொருள்பட 'கட்டா' என்றே பெயரிட்டார். அதுவோ குரங்கின் சுற்றம்.

மணத்தால் வந்த பெயர் புனுகுப்பூனைக்கு நலம் பயக்கவில்லை. அதனை ஒடுங்கிய கூண்டில் அடைத்து, உள்ளே நட்ட கழியில் அது உரசிவிடும் நெய்ப்பொருளை வழித்தெடுத்தனர். உரசாவிடின் சுரப்பியைப் பிதுக்கியும் எடுத்தனர். ஓடித் திரிய வேண்டிய உயிர் திரும்பவும் இடமின்றிக் கிடந்தது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்கும் காப்பளித்துள்ளது. வரிவால் லெமூரோ, அதன் அழகிய வாலுக்காகவே வீடுகளில் வளர்ப்பதற்கெனப் பிடிக்கப்படுகின்றது. காடுகளும் எரிந்து குறைகின்றன. மடகாசுகரை அன்றி வேறெங்கும் அதற்கு இயற்கையான வாழிடம் இல்லை.